குட்டியானையில் ஒரு ஹஸ்பெண்ட்

ரயில்வே கேட் போட்டுவிட்டார்கள், நல்லதாகப் போயிற்று, எனக்கு இன்னும் கடைசி வாக்கியம் கிடைக்கவில்லை. ஞாயிற்றுக்கிழமை சிறுவர் இணைப்பில் வாரம் ஓர் ஆங்கிலச் சொல்லை எடுத்து அதன் பூர்வீகத்தைச் சொல்கிற பத்தி என்னுடையது. சிறுவர்கள் யாரும் அதைப் படிப்பதில்லை. ஓய்வுபெற்ற தலைமையாசிரியர்கள் படித்துத் தப்புக் கண்டுபிடித்துக் கார்டு போடுகிறார்கள், அந்த மகிழ்ச்சியை வாராவாரம் அவர்களுக்குத் தவறாமல் வழங்குகிறேன். இந்த வாரம் ஹஸ்பெண்ட். வேறு எந்தச் சொல்லை எடுப்பேன், மூன்று நாளாக நான் அதுவாக இருக்கிறேன், நாற்பத்தொன்பது வயதில், தலையில் பாதி நரைத்து, மீதி உதிர்ந்து. குற்றாலத்தில் வைத்துத் தாலி கட்டி முடிந்த கையோடு, மிளகாய் அரைப்புச் சமயம் என்று ஆவுடை தன் மில்லுக்குப் போய்விட்டாள், நான் அக்கா வீட்டுக்குத் திரும்பினேன், குடிபுக இன்றைக்குத்தான் நாள் நன்றாக இருக்கிறதாம். அதனால் இந்தச் சின்னச் சரக்கு வண்டி, ஊரே குட்டியானை என்று கூப்பிடுவது, அதில் டிரைவர் சுடலைமுத்து, பக்கத்தில் நான், பின்னால் என் சாமான்: புத்தகப் பெட்டிகள், இரும்புக் கட்டில், நாலு காலையும் வானத்துக்குத் தூக்கிக்கொண்டு மல்லாந்து கிடக்கும் என் எழுத்துமேசை. தண்டவாளத்துக்கு அந்தப் பக்கம், கண்ணுக்கெட்டும் தூரத்தில், ஆவுடையின் வீடு. முன்பாதி மாவு மில், பின்பாதி வீடு. இனி நான் இருக்கப்போவது அங்கே. பெண்டாட்டி வீட்டுக்குப் பெட்டி படுக்கையோடு குடிபோகிறவனுக்குத் தமிழில் ஒரு பெயர் இருக்கிறது, அந்தப் பெயரைச் சொல்லும்போது சொல்கிறவர் வாயின் ஒரு ஓரம் மட்டும் கொஞ்சம் ஏறும், வீட்டோட மாப்பிள்ளை, அக்கா சொன்னபோது இரண்டு ஓரமும் இறங்கின.

"செங்கோட்டை வண்டி. பாவூர்லயே இன்னும் விடலையாம்," என்று சுடலைமுத்து என்ஜினை அணைக்கிறான். என்ஜின் நின்றதும் மில்லின் சத்தம் கேட்கிறது. கேட்கிறதா, அல்லது கேட்கவேண்டும் என்று காது ஆசைப்படுகிறதா. கேட்கிறதுதான், தகதகவென்று ஒரே சீராக, நடுவில் பெல்ட் ஒட்டுப்போட்ட இடம் சக்கரத்தில் ஏறும்போதெல்லாம் ஒரு டப். அவள் உள்ளே நிற்பாள், தலையில் துண்டைக் கட்டிக்கொண்டு, முழங்கைவரை மாவு. முதல்தடவை நான் போனபோது அப்படித்தான் நின்றாள். பெண் பார்க்கப் போனேன், பெண் மல்லி அரைத்துக்கொண்டிருந்தது. நான் ஏதோ கேட்டேன், அவள் ஏதோ கத்தினாள், நானும் கத்தினேன், என் வயது, சம்பளம், கல்லூரியில் ஆங்கிலம் நடத்துகிறேன் என்பது எல்லாவற்றையும் கூரை அதிரக் கத்திச் சொன்னேன், அரைக்க வந்த பெண்கள் வரிசையாகக் கேட்டுக்கொண்டிருந்தார்கள், பிறகு நான் தும்ம ஆரம்பித்தேன். அப்போது அவள் கையை எட்டி மோட்டாரை அணைத்தாள். பெல்ட் தளர்ந்து, தளர்ந்து, நின்றது. அந்த அமைதியில் என் கடைசித் தும்மல் மட்டும் தனியாக விழுந்தது. "யாருக்காகவும் இந்த மிஷினை நடுவுல நிறுத்தினதே இல்லயே இவ," என்று ஒரு பெண் இன்னொருத்தியிடம் சொன்னாள். ஆவுடை அதைக் காதில் வாங்காதவள்போலச் சொன்னாள், "இதை விட்டுட்டு என்னால எங்கயும் வர முடியாது. நீங்க இங்க வர முடியுமா?" நான் யோசிக்கவில்லை. எதையும் மூன்று அகராதி பார்க்காமல் சொல்லாதவன், "வரேன்" என்றேன். இப்போதும் அந்த இடத்தை நினைத்தால் நெஞ்சுக்குள் யாரோ தட்டாமாலை சுற்றுகிறார்கள்.

ஹஸ் என்றால் வீடு. அதுவரை எளிது. பின்பாதிதான் ருசி. வடகடல் பக்கத்து நார்ஸ்காரர்கள் ஆயிரம் வருஷத்துக்கு முன்னால் இங்கிலாந்தில் இறங்கி, கொள்ளை அடித்துக் களைத்து, குடியேறி, தங்கள் சொற்களையும் இறக்கி வைத்தார்கள், அதில் ஒன்று போண்டி. தமிழில் எழுதும்போது அது வேறு மாதிரி ஆகிவிடுகிறது, கல்யாணம் ஆனவர்கள் சிரிக்கலாம், ஆனால் இரண்டுக்கும் ஒரு சம்பந்தமும் இல்லை, தயவுசெய்து கார்டு போடவேண்டாம். போண்டி என்றால் குடியிருப்பவன். தங்கி வாழ்கிறவன். ஆகவே ஹஸ்பெண்ட் என்றால் வீட்டில் குடியிருப்பவன். அகராதியில் இதைப் பார்த்த அன்று நாற்காலியைப் பின்னால் தள்ளிக்கொண்டு எழுந்தேன். யாருடைய வீடு என்று அந்தச் சொல் கேட்கவே இல்லை. வீடு, அதில் ஒருவன் இருக்கிறான், அவ்வளவுதான். உலகத்தில் ஆங்கிலம் பேசுகிறவன் எல்லாம், பொண்டாட்டியைக் குதிரையில் தூக்கிவந்தவன் முதல் கப்பலில் கூட்டிவந்தவன் வரை, சொல்லின்படி வீட்டோட மாப்பிள்ளைதான். அக்காவிடம் ஓடிப்போய் அடுக்களை வாசலில் நின்று சொன்னேன். அவள் முருங்கைக்கீரை உருவிக்கொண்டிருந்தாள். "வெள்ளைக்காரன் சொல்லிட்டானா," என்றாள். "அப்ப அவனையே கூட்டிக்கிட்டுப் போ. நான் வந்தேன், மூணாம் முடிச்சு போட்டேன், அதோட சரி. நீ சாமானை ஏத்திக்கிட்டு ஒருத்தி வீட்டுக்குப் போறதுக்குப் பின்னால நான் வரமாட்டேன். அந்த வாசப்படிய மிதிக்க மாட்டேன். நம்ம வீட்டு வாசல்ல அப்படிப் போனவன் உண்டா, வந்தவன் உண்டா?" சொல்லிவிட்டுக் கீரையை உருவினாள். உலகம்மாள் என்று பெயர் வைத்தது தவறில்லை, அவள் ஒன்று சொன்னால் அதற்கு வெளியே இடம் கிடையாது. அடுத்த வீட்டுக்காரியோடு கிணற்று உருளைக்காகப் பேச்சை நிறுத்தினாள், கிணறு வற்றி, உருளை துருப்பிடித்து, அடுத்த வீட்டுக்காரி வீட்டை விற்றுவிட்டே போய்விட்டாள், இன்னும் பேசவில்லை. இன்றைக்கு அந்த வாசலை மிதிக்கவில்லை என்றால் என்றைக்கும் மிதிக்கமாட்டாள். நான் அதை நினைக்கவேண்டாம். மில் சத்தத்தைக் கேள். தகதக, டப்.

கேட்டின் இரண்டு பக்கமும் ஆள் சேர்ந்துவிட்டது. சைக்கிள், ஷேர் ஆட்டோ, வைக்கோல் ஏற்றிய டிராக்டர். வெள்ளரிப்பிஞ்சு விற்கிற பெண்மணி ஒவ்வொரு வண்டியாகப் பார்த்துக்கொண்டு வருகிறாள், என் மேசையின் நாலு காலையும் அண்ணாந்து பார்க்கிறாள், முகம் மலர்கிறது. "சீர்ச் சாமானா? பொண்ணு எந்த ஊருக்குப் போகுது?" சுடலைமுத்து என் பக்கம் ஒரு தடவை பார்த்துவிட்டு, "பொண்ணு போகலக்கா. சார்தான் போறாரு," என்கிறான். "எங்க?" "பொண்ணு வீட்டுக்கு." அவள் குனிந்து ஜன்னல் வழியாக என்னை நன்றாகப் பார்க்கிறாள், பிஞ்சா முற்றலா என்று பார்க்கிற அதே பார்வை. "மில்லுக்கார ஆவுடை வீட்டுக்கா? அது சொல்லவே இல்லயே, மாப்பிள்ளை இன்னைக்கு வாராருன்னு. கண்ணாடி போட்டிருக்கும்னு மட்டும் சொல்லிச்சு." பின்னால் டிராக்டர்மேல் உட்கார்ந்திருக்கிறவர் கேட்கிறார், "கூட யாரும் வரலையா? புதுப் பொண்ணை அனுப்பினாக்கூட நாலு பேர் வருவாங்களே." ஷேர் ஆட்டோவில் யாரோ சிரிக்கிறார்கள். கெட்ட சிரிப்பு இல்லை. கேட் திறக்கும்வரை செய்வதற்கு வேறு வேலை இல்லாத சிரிப்பு. நான் வெள்ளரிப்பிஞ்சு வாங்குகிறேன். உப்பும் மிளகாய்த்தூளும் தடவித் தருகிறாள், "உங்க வீட்டுத் தூள்தான்," என்கிறாள். உங்க வீடு. கடித்ததும் கண்ணில் நீர் வருகிறது, காரத்தால்தான், கார்டு போடவேண்டாம்.

ஆனால் கூட யாரும் வரவில்லை என்பது உண்மைதான். ஆவுடையின் பக்கம் சித்தி வந்திருப்பாள், மாமா இருப்பார், மில்லில் அரைக்க வந்தவர்கள் இருப்பார்கள், ஆரத்தி கரைத்து வைத்திருப்பார்கள், என் பக்கம் நாலு கால் மேசை. என்னை இறக்குவார்கள், கட்டிலை இறக்குவார்கள், எதை எங்கே வைப்பது என்று கேட்பார்கள். ஒரு சொல்லுக்கு நேர்ந்ததை நான் படித்திருக்கிறேனே. போண்டி, நிலத்தில் குடியிருந்து உழுதவன், யாருக்கும் தலைவணங்காத குடியானவன், இங்கிலாந்துக்கு நார்மன்காரன் வந்து சேர்ந்தபிறகு அவன் மெல்ல மெல்ல இறங்கிப்போனான், நிலம் இன்னொருவனுடையதானது, அவன் நிலத்தோடு கட்டப்பட்டவனானான், அவன் பெயரிலிருந்து பாண்டேஜ் என்று ஒரு சொல் பிறந்தது, அடிமைத்தனம். அதே ஆள். வீட்டுக்குள் இருந்தபோது ஹஸ்பெண்ட், வெளியே வந்தபோது அடிமை. கூடவே ஹவுஸ்வைஃப் என்கிற சொல் தேய்ந்து ஹஸ்ஸி ஆகி அடங்காப் பெண்ணுக்கு வசவாகிவிட்டது, வீட்டைக் கட்டிக் காத்ததற்கு அவளுக்குக் கிடைத்த சம்பளம். வீட்டைத் தொட்ட சொற்கள் எல்லாமே சறுக்குகின்றன. சிறுவர் இணைப்பில் இதை எழுத முடியாது. இங்கிலாந்துக்காரனுக்கு அதற்கு முன்னால் சொந்தமாக ஒரு சொல் இருந்தது, வெர், மனிதன், கணவன், அதைக் கைவிட்டான், அது இப்போது ஓநாயாக மாறும் மனிதனின் பெயரில் மட்டும், வெர்உல்ஃபில், ஒளிந்துகொண்டிருக்கிறது. ஓநாயாக ஊளையிடுவதா, வீட்டில் இருப்பதா என்று கேட்டால் நான் இருக்கிறேன். நான் இருக்கத்தான் விரும்புகிறேன். வண்டியைத் திருப்பச் சொன்னால் சுடலைமுத்து திருப்பிவிடுவான், அக்கா ஒன்றும் கேட்கமாட்டாள், தட்டை வைத்துக் கீரையைப் போடுவாள், எல்லாம் இருந்ததுபோல இருக்கும். என்ன ஓர் எண்ணம். சீ. தகதக, டப்.

போன் அடிக்கிறது. ஆவுடை. "எங்க வந்துட்டீங்க?" மில்லுக்குள்ளிருந்து கத்துகிறாள். "கேட்ல," என்று நானும் கத்துகிறேன், கேட்டில் நிற்கிற எல்லோரும் திரும்பிப் பார்க்கிறார்கள். "உங்க பக்கம் யாரெல்லாம் வாராங்க? சித்தி எத்தனை எலை போடணும்னு கேக்கா." என்ன சொல்வது. ஒரு நார்ஸ்காரன், ஒரு அகராதி. "வந்துக்கிட்டே இருக்காங்க," என்கிறேன், பொய், ஆனால் எழுவாய் இல்லாத பொய். அவளுக்குத் தெரிந்துவிட்டது. "சரி, நான் நாலு எலை சேத்தே போடச் சொல்றேன்," என்கிறாள், பிறகு போனைக் காதிலிருந்து எடுக்காமலே யாரிடமோ திரும்பி, "இந்தா இருங்க மதினி, ஒங்க கம்ப அடுத்தாப்புல போடுதேன். எங்க வீட்டுக்காரரு கேட்ல நிக்காவ." போன் நின்றுவிடுகிறது.

எங்க வீட்டுக்காரரு. வெள்ளரிப்பிஞ்சு கையில் அப்படியே இருக்கிறது. பட்டா அவள் பெயரில், கரண்ட் கனெக்சன் அவள் அப்பா பெயரில், மோட்டார் பேங்குக்காரன் பெயரில், அந்த வீட்டில் எனக்கு ஒரு ஆணிகூடக் கிடையாது, அவள் வாயில் நான் வீட்டுக்காரர். எத்தனை வருஷமாக இந்தச் சொல் காதில் விழுந்துகொண்டிருக்கிறது, எந்தக் குழாயடியில், எந்த பஸ்ஸில் இல்லை, நான் அகராதியில் நார்ஸ் மொழிக்கு மூச்சிரைக்க ஓடியிருக்கிறேன். ஹஸ், வீடு. போண்டி, அதில் இருக்கிறவன். வீட்டுக்காரர். ஒட்டும் இல்லை உறவும் இல்லை, இரண்டு மொழியும் ஒன்றையொன்று கண்டதில்லை, இரண்டும் தனித்தனியே யோசித்து ஒரே இடத்துக்கு வந்து நின்றிருக்கின்றன. எனக்கு வண்டியை விட்டு இறங்கி டிராக்டர்காரரிடம் சொல்லவேண்டும்போல இருக்கிறது. சுடலைமுத்துவிடம் சொல்கிறேன். அவன் தலையைச் சொறிந்து யோசிக்கிறான். "வீட்ல இருக்கிறவன்தான் ஹஸ்பெண்டா சார்? அப்ப நான் தீபாவளி பொங்கலுக்கு மட்டுந்தான்," என்கிறான்.

வீட்டுக்காரர் என்று நான் முதலில் கேட்டது யார் வாயில். அக்கா வாயில். "எங்க வீட்டுக்காரர் சாப்பிடலை, எங்க வீட்டுக்காரர் சட்டை காயலை." வீட்டுக்காரர், யாருடைய வீட்டுக்கு? அது எங்கள் அப்பா கட்டிய வீடு. அப்பா வாதம் வந்து படுத்த வருஷம் அக்காவுக்குக் கல்யாணம், அவரைத் தூக்கி உட்காரவைக்க ஆள் வேண்டும், நான் கோயம்புத்தூரில் படித்துக்கொண்டிருந்தேன், அதனால் அத்தான் வந்தார். ஒரு தகரப் பெட்டியோடு வந்தார் என்று சொல்வார்கள். வந்தவர் அங்கேயே இருந்தார், அப்பா போனபிறகும் இருந்தார், சங்கரபாண்டியன் என்கிற அவர் பெயரே தெருவில் பாதிப்பேருக்குத் தெரியாது, உலகம்மாள் வீட்டுக்காரர். நம்ம வீட்டு வாசல்ல அப்படி வந்தவன் உண்டா என்று அக்கா கேட்டபோது அவர் முற்றத்தில் உட்கார்ந்து பேப்பர் படித்துக்கொண்டிருந்தார். பேப்பரை மடித்தார். நாலாக, எட்டாக, இனி மடியாது என்கிற அளவுக்கு மடித்தார், பிறகு எழுந்து பின்கட்டுக்குப் போனார். அக்கா அவரை வைத்துச் சொல்லவில்லை. அவளுக்கு அவர் வந்தவர் என்பதே மறந்துவிட்டது, அதுதான் உண்மை. வீட்டுக்காரர் எங்கிருந்து வருவார், வீட்டோடுதானே இருப்பார், சுவரைப்போல, தூணைப்போல. எனக்கும் மறந்துதான் போயிருந்தது. மறக்கப்படுகிற அளவுக்கு ஒரு வீட்டில் இருந்துவிடுவது, அதைவிட என்ன வேண்டும் ஒரு போண்டிக்கு. கடைசி வாக்கியம் பக்கத்தில் எங்கோ வந்து நிற்கிறது, வெளிச்சம் தெரிகிறது, வெளிச்சம் இல்லை, அது ரயில், ஹாரன் அடிக்கிறது.

ரயில் சத்தத்தில் வேறு எதுவும் கேட்கவில்லை, அதனால் என் ஜன்னலோரம் ஒரு டிவிஎஸ் ஃபிஃப்டி வந்து நின்றதை நான் கேட்கவில்லை, பார்க்கிறேன். ஓட்டிவந்தது அத்தான். அவர் எங்கும் தானாகக் கிளம்புகிற மனிதர் இல்லை. சலவைச் சட்டை போட்டிருக்கிறார். அவருக்குப் பின்னால், ஒருபக்கமாக உட்கார்ந்து, மடியில் துணி சுற்றிய குத்துவிளக்கு, கை இடுக்கில் பித்தளைக் குடம், குடத்துக்குள் நிறைநாழி வைக்க ஒரு நாழிப் படி, கல்யாணத்துக்குக் கட்டிய அதே அரக்குப் பட்டில், அக்கா. பெட்டிகள் ஒவ்வொன்றாகக் கடந்துகொண்டிருக்கின்றன, அவள் வாய் அசைகிறது, எனக்கு ஒன்றும் கேட்கவில்லை, ஆனால் வசவு என்று தெரிகிறது, அவ்வளவு சந்தோஷமாக நான் எதையும் கேட்காமல் இருந்ததில்லை. கடைசிப் பெட்டி போனதும் பாதி வாக்கியத்தில் சத்தம் வருகிறது. "...அறிவு இருக்காலே ஒனக்கு? வெறுங்கையோட போற. ஒரு விளக்கு உண்டா, ஒரு குடம் உண்டா? பொஸ்தகத்தையும் தூக்கிக்கிட்டு அனாதை மாதிரி. அவ வீட்டு ஆளுக நம்மள என்ன நெனைப்பாளுக?"

"வரமாட்டேன்னியேக்கா," என்கிறேன்.

"வரமாட்டேன்னுதான் சொன்னேன். இவுக சொல்லாம கொள்ளாம சட்டையப் போட்டுக்கிட்டு வண்டிய எடுக்காவ. எங்க போறீகன்னா, மாப்பிள்ளையக் கொண்டு விடப் போறேன், நீ வந்தா ஏறுங்காவ. இந்த மனுசன் தனியாப் போயி சபையில என்னத்தப் பேசுவாவ, வாயத் தொறந்தாத்தானே? அதான் வந்தேன்."

அத்தான் ஹேண்டில்பாரைப் பார்த்துக்கொண்டு சொல்கிறார், "நான் வந்தன்னைக்கு எங்க பக்கம் யாரும் வரலை." கோபமாகச் சொல்லவில்லை, மழை வரும் என்று சொல்கிற குரல். அக்கா அவர் முதுகைப் பார்க்கிறாள். எத்தனையோ வருஷமாகப் பார்த்த முதுகு, சட்டை உலர்த்திப் போட்ட முதுகு. விளக்கை மடியில் ஒருதடவை சரிசெய்துகொள்கிறாள். "சேவு வாங்கணும்னு சொன்னீகளே, வாங்குனீகளா?" என்கிறாள், தன்னிடம் இருந்ததிலேயே மெல்லிய குரலில். "பையில இருக்கு," என்கிறார் அவர்.

கேட் ஏறுகிறது. ஹாரன்கள் தொடங்கிவிட்டன. "விளக்க வச்சுக்கிட்டு இதுல நான் இனிமே வரமுடியாது, நீ எறங்கு," என்று அக்கா குட்டியானைக்குள் என் இடத்தில் ஏறுகிறாள், சுடலைமுத்து ஓரமாக ஒதுங்கி, "வாங்கக்கா, இப்பத்தான் சீர் வண்டி மாதிரி இருக்கு," என்கிறான். வெள்ளரிக்காரப் பெண்மணி டிராக்டர்காரரைப் பார்த்து, "யாரும் வரலைன்னீரே, அந்தா பாரும்," என்கிறாள், ஏதோ தன் வீட்டு ஆள் வந்துவிட்டதுபோல. நான் குடத்தை இடுப்பில் இடுக்கிக்கொண்டு அத்தான் பின்னால் உட்காருகிறேன். முன்னால் என் மேசையின் நாலு காலும் தண்டவாளத்தில் ஏறி இறங்கி ஆடிக்கொண்டே போகின்றன, பின்னால் நாங்கள், ஒரு டிவிஎஸ் ஃபிஃப்டியில் இரண்டு ஹஸ்பெண்ட், அந்தச் சொல்லின் பொருள் பிசகாமல். அத்தானின் காதுக்குள் சொல்கிறேன், ஹஸ் என்றால் வீடு அத்தான், போண்டி என்றால். "என்னது? காத்துல கேக்கலை மாப்ளே. குடத்தப் பிடி." அப்புறம் சொல்கிறேன், நேரம் இருக்கிறது. முகத்தில் காற்று, காற்றில் மிளகாய் நெடி, அவருக்கு ஒரு தும்மல், எனக்கு இரண்டு, குடத்துக்குள் நாழி கலகலவென்று ஆடுகிறது. தெருமுனை. மில் சத்தம் இப்போது வெகு அருகில், தகதக, டப், தகதக, டப், வாசலில் ஆட்கள், ஆரத்தித் தட்டு, யாரோ கையைக் காட்டி வந்துட்டாங்க என்று உள்ளே சொல்கிறார்கள்.

பெல்ட் தளர்கிறது. கேட்கிறது எனக்கு, தளர்கிறது, இன்னும் தளர்கிறது, ஒரு டப், வெகுநேரம் கழித்து இன்னொரு டப். யாரோ ஒருத்தி, "ஏ ஆவுடை, என் கம்பு பாதியில நிக்கே," என்கிறாள்.

மில் நின்றுவிட்டது.